மதில் தாண்டிய பூச்செடிகள்: இடுப்பளவுக்கு வெட்டலாமா, வெட்டினால் பட்டுப்போகுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். வடசென்னை தண்டையார்பேட்டையில் அம்மா வீடு. முன்பக்கத்துச் சின்னத் தோட்டத்தில் சில வருடங்களாக யாரும் கை வைக்கவில்லை. செம்பருத்தி, செவ்வரளி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, காகிதப்பூ எல்லாம் மாடி ஜன்னலை எட்டிவிட்டன, மூலையில் ஒரு குண்டுமல்லியும் புதராகிக் கிடக்கிறது. பூவெல்லாம் உச்சியில், எட்டிப் பறிக்க முடியவில்லை. கூப்பிட்ட தோட்டவேலை ஆள் "எல்லாத்தையும் இடுப்பளவுக்கு ஒரே சீரா வெட்டிடலாம்" என்கிறார். அம்மாவோ "வெட்டினா பட்டுப்போயிடும், கை வைக்காதே" என்கிறார். யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. எப்படி வெட்டுவது என்பதைவிட, வெட்டினால் செடி செத்துவிடுமோ என்ற பயம்தான் அதில் பெரிதாகத் தெரிகிறது. அதனால் அதற்கே முதலில் பதில். நீங்கள் சொன்ன ஆறு செடிகளில் ஒன்றுகூட வெட்டியதற்காகச் சாகிற ஜாதி இல்லை. காலம் பார்த்து வெட்டி, தண்ணீர் சரியாக விட்டால் ஆறும் தழைக்கும். ஆனால் அந்த ஆள் சொன்னபடி இடுப்பளவுக்குச் சீராக வெட்டச் சொல்ல மாட்டேன். செடி பிழைத்துக்கொள்ளும், உங்கள் பிரச்சினை அப்படியே இருக்கும்.

நான் தோட்டக்கலை படித்துவிட்டு மாதவரம் பக்கம் நர்சரி வேலையில் இருந்தவன். அதன்பின் இத்தனை வருடமாக ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வீட்டுத் தோட்டங்களைப் பார்த்துக்கொடுக்கிறேன். கீழே எழுதுவதெல்லாம் இந்த மண்ணுக்கும் இந்தக் காற்றுக்கும் பொருந்தும். ஊட்டியிலோ பெங்களூரிலோ இருப்பவர்கள் மாதக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, நீங்கள் அனுப்பிய படங்களில் செடிகளின் மேல்பாதிதான் தெரிகிறது. கரையான் தின்றிருக்கிறதா, உள்ளே இற்றுப்போயிருக்கிறதா என்பதெல்லாம் அடித்தண்டைப் பார்த்தால்தான் தெரியும். அதை நீங்கள்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

ஏன் உச்சியில் மட்டும் பூ? ஒவ்வொரு கிளையின் நுனி மொட்டும் ஆக்சின் என்ற ஊக்கியைச் சுரந்து கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். அது இருக்கும்வரை கீழே கணுக்களில் இருக்கிற மொட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கும். நுனியைக் கிள்ளியதும் அந்தக் கட்டுப்பாடு போய், வெட்டிய இடத்துக்குக் கீழே இருக்கிற இரண்டு மூன்று மொட்டுகள் சேர்ந்து கிளம்பும். கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிச் செடியை ஒழுங்குபடுத்துவது, அதன் அடிப்படையே இவ்வளவுதான். இப்போது இடுப்பளவுக்குச் சீராக வெட்டினால் என்ன ஆகும்? எல்லாத் தண்டும் ஒரே உயரத்தில் நுனி இழந்து, அந்த உயரத்திலேயே கும்பலாகத் துளிர்க்கும். பார்க்க முதல் இரண்டு மாதம் பச்சைப்பசேல் என்று இருக்கும். பிறகு அந்தக் கும்பலே வெளிச்சத்தை மறைத்துவிடும். கீழே இலையில்லாத வெறும் குச்சிகள், மேலே அடர்ந்த கூரை. ஒரு வருடத்தில் திரும்பவும் மாடி ஜன்னல். வேலிக் கத்தரியால் வருடக்கணக்கில் மேலாக மட்டும் ஒதுக்கி வந்த இட்லிப்பூ வேலியை விலக்கிப் பாருங்கள், வெளியே நாலு விரல் கனத்துக்கு இலை, உள்ளே முழுக்கச் சுள்ளி.

அதனால் மேலே பார்க்காமல் கீழே பாருங்கள். முதலில் ஒரு நீளக் கம்பால் புதரைத் தட்டி அசையுங்கள், பழைய இட்லிப்பூ அடியில் எதுவும் இருக்கலாம். பிறகு தரையோடு குனிந்து, மண்ணிலிருந்து எத்தனை தண்டு கிளம்புகிறது என்று பாருங்கள். சந்தேகமான தண்டை விரல் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். மேல்தோலுக்கு அடியில் ஈரப்பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து உதிர்ந்தால் அந்த இடம் செத்துவிட்டது. இன்னும் கீழே இறங்கிச் சுரண்டுங்கள், பச்சை எங்கே தொடங்குகிறதோ அதுவரை வெட்டலாம். பட்ட குச்சிகளை முழுக்க எடுத்த பிறகே செடியின் உண்மையான உருவம் தெரியும். கவனிக்காமல் விட்ட செம்பருத்தியில் இந்த வேலையிலேயே பாரம் நன்றாகக் குறைந்துவிடும். அடுத்து ஒன்றோடொன்று உரசுகிற கிளைகள், நடுவுக்குள் வளைந்து போகிற கிளைகள். கடைசியில்தான் பெரிய வெட்டு. இருப்பதிலேயே முதிர்ந்த, தடித்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தரையிலிருந்து அரை அடி, ஒரு அடி விட்டு அறுத்துவிடுங்கள். மிச்சத்தை இந்த வருடம் உயரம் மட்டும் ஓரளவு குறைத்து விட்டுவையுங்கள். அடுத்த வருடம் இன்னொரு பங்கு, அதற்கடுத்த வருடம் கடைசிப் பங்கு. மூன்றாம் வருட முடிவில் அடியிலிருந்து புதிதாக வந்த தண்டுகள் மட்டுமே இருக்கும். இலை எப்போதும் கொஞ்சம் இருப்பதால் வேருக்குச் சாப்பாடு நிற்காது, அம்மாவுக்கும் பூ நிற்காது.

ஒரே தடவையில் எல்லாத் தண்டையும் ஒரு அடிக்கு இறக்கவும் முடியும். அரளியும் நந்தியாவட்டையும் அதைத் தாங்கும். திடமான செம்பருத்தியும் தாங்கும். ஆனால் உங்கள் செடிகள் சில வருடமாக உரம், கவனிப்பு எதுவும் இல்லாமல் நின்றவை. அவற்றின் வேரில் சேமிப்பு எவ்வளவு இருக்கும் என்று மேலிருந்து சொல்ல முடியாது. ஒரு தண்டை மட்டும் அடியோடு வெட்டிவிட்டு மூன்று நாலு வாரம் பொறுங்கள். வெட்டிய அடிக்கட்டையில் மிளகு அளவுக்குப் பச்சை முண்டுகள் கிளம்பினால் செடி தெம்பாக இருக்கிறது, மற்றதைத் தைரியமாக வெட்டலாம். அம்மாவைச் சமாதானப்படுத்தவும் அந்த ஒரு தண்டே போதும்.

வெட்டுகிற விதத்தில் பெரிய வித்தை இல்லை. விரல் கனம்வரை கவாத்துக் கத்தரி, அதற்கு மேல் கைரம்பம். அரிவாளால் ஓங்கி வெட்டினால் தண்டு பிளந்து நார் தொங்கும், அந்தப் பிளவில்தான் தண்ணீர் நின்று அழுகல் இறங்கும். வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணுவுக்குச் சற்று மேலே, தண்ணீர் வழியும்படி லேசான சாய்வாக வெட்டுங்கள். கணுவுக்கு மேலே நீளமாகக் கட்டையை விட்டால் அது காய்ந்து கீழே இறங்கும். கனமான கிளையை ஒரே அறுப்பில் எடுத்தால் பாதியில் ஒடிந்து தாய்த்தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். முதலில் அடிப்பக்கம் கொஞ்சம், பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கிவிட்டு, மிச்சக் கட்டையைக் கடைசியில் சுத்தமாக எடுங்கள்.

இனி காலம். பொங்கல் கழிந்து தை, மாசிதான் நம் பக்கத்தில் பெரிய வெட்டுக்கு ஏற்றது. வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் ஏறியிருக்காது. துளிர் முற்றுவதற்குள் பங்குனி வெயில் வந்துவிடாதபடி பிப்ரவரி நடுவுக்குள் முடித்துவிடுவது நல்லது. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். வருடக்கணக்கில் நிழலில் இருந்த அடித்தண்டுகள் அக்னி நட்சத்திர வெயிலில் திடீரென்று வெளிப்பட்டால் பட்டை கருகி வெடிக்கும். அம்மா சொல்லும் பயத்துக்கு ஆதாரம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும், யாரோ ஒருவர் கத்திரி வெயிலில் மொட்டையடித்த செடி பட்டுப்போனதை அவர் பார்த்திருக்கலாம். அக்டோபர், நவம்பர் அடைமழையில் பெரிய வெட்டு போட்டாலும் தொல்லைதான், வெட்டுவாய் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் மழைக்கு முன்னால், ஆவணி வாக்கில், உள்கிளைகளை மட்டும் களைந்து காற்று புகுந்து போகும்படி செய்துகொள்ளுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது எத்தனை மரம் செடிகள் வேரோடு சாய்ந்தன என்பது வடசென்னையில் இருந்தவர்களுக்குத் தெரியும். உச்சி கனத்து நிற்கிற செடிகள் இப்படிப்பட்ட காற்றில் எளிதாகச் சாயும்.

செடிவாரியாகப் பார்த்தால் செம்பருத்திதான் வேலை கேட்கும். அது புதுத்தளிரில் பூப்பது, அதனால் எப்போது வெட்டினாலும் இரண்டு மூன்று மாதம் பூ குறையும், பிறகு முன்பைவிட அதிகமாக வரும். வெட்டும்போது நுனிகளைக் கவனியுங்கள். இலை சுருண்டு, குருத்து குறுகி, வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் மாவுப்பூச்சி. அந்தக் கிளைகளை முதலில், மற்றதில் உரசாமல் வெட்டி, நேராகப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். செடியடியில் குவித்து வைத்தால் பூச்சி ஊர்ந்து திரும்ப ஏறிவிடும். அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும், எறும்புச் சாரியைக் கண்டால் அதைப் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள், மாவுப்பூச்சி இருக்கிற கிளையில் கொண்டுபோய் விடும். புதுத்தளிர் வந்ததும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்து வாருங்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி அடியோடு ஒழிந்தது என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. கட்டுக்குள் வைக்கலாம், அவ்வளவே.

அரளிக்கு வெட்டு ஒரு பொருட்டே இல்லை. உப்புக்காற்று, உப்புத்தண்ணீர், வறட்சி எல்லாவற்றையும் தாங்குகிற செடி. கவலை உங்களைப் பற்றியும் தெருவைப் பற்றியும்தான். அரளியின் இலை, தண்டு, பூ, பால் எல்லாமே நஞ்சு, இதயத்தைத் தாக்குகிற நஞ்சு, காய்ந்த பிறகும் போகாது. கையுறை போடுங்கள், பால் கண்ணில் தெறிக்காமல் பாருங்கள், கத்தரியைக் கழுவுங்கள். வெட்டிய கழியைக் குவித்துக் கொளுத்தாதீர்கள், புகையும் ஆகாது. முக்கியமாக, வாசலில் போட்டு வைக்காதீர்கள். நம் தெருக்களில் ஆடும் மாடும் திரிகின்றன. பச்சையாக இருந்தால் அவை பெரும்பாலும் ஒதுக்கிவிடும், மற்ற தழையோடு கலந்து வாடிக் கிடந்தால் மேய்ந்துவிடும். தனிப் பையில் கட்டி, அரளி என்று சொல்லியே குப்பை வண்டியில் கொடுங்கள். பொழுதுபோகாமல் அதன் குச்சியைச் சீவிக் குழந்தைகள் விளையாடுவதையும் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு அவர்களை உள்ளேயே வைத்திருங்கள்.

நந்தியாவட்டையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெட்டினால் பால் வடியும், அது தானே நின்றுவிடும், பயப்பட வேண்டாம். எவ்வளவு வெட்டினாலும் வரும்.

இட்லிப்பூவில் அவசரம் கூடாது. ஆறில் மெதுவாக வளர்வது அதுதான். பூங்கொத்து கிளை நுனியில் வரும். ஒரு சுற்றுப் பூ உதிர்ந்த கையோடு இரண்டு மூன்று கணு கீழே வெட்டிவருவது அதற்குப் போதும். முதிர்ந்த தண்டை அடியில் வெட்டினால் துளிர்க்கும், ஆனால் பழைய பரப்புக்கு வர ஒரு வருடமும் ஆகலாம். அதில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு என்ற அளவைத் தாண்டாதீர்கள். உங்கள் படத்தில் இட்லிப்பூவின் இளம் இலைகள் மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருப்பதைப் பார்த்தேன். அது கவாத்து சம்பந்தப்பட்டது இல்லை, இரும்புச்சத்துக் குறைவு. வீடு கட்டும்போது கொட்டிய சுண்ணாம்பு, சிமெண்ட் கலந்த இடிபாட்டு மண்ணில் இது சகஜம். மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மையால் வேர் அதை எடுக்க முடியாது. அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாதம் ஒருமுறை இலையில் தெளியுங்கள், அடியில் நிறைய மட்கிய தழை உரம் போடுங்கள். மதிலை ஒட்டி நட்டிருந்தால் இந்த மஞ்சள் திரும்பத் திரும்ப வரும், சுவரிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வந்துகொண்டே இருக்கும்.

காகிதப்பூவுக்குத் தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, செருப்புக்குப் பதில் ஷூ. அதுவும் புதுக்கிளை நுனியில்தான் நிறம் காட்டும். நாம் பூ என்று சொல்வது நிறமேறிய இலைச்செதில், உண்மையான பூ நடுவில் குட்டியாக வெள்ளையாக இருக்கும். ஒரு சுற்று நிறம் உதிர்ந்ததும் நீண்ட வாதுகளை, அதாவது கிளைகளை, தாராளமாகக் குறையுங்கள், பிறகு தண்ணீரையும் குறையுங்கள். இலை மட்டும் தளதளவென்று வந்து நிறமே இல்லை என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை அன்பு மிகுதியால் வந்தவை, தினம் தண்ணீர், வாராவாரம் புண்ணாக்குக் கரைசல். வாது மின்கம்பியிலோ வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரிலோ பின்னிக்கொண்டிருந்தால் நீங்களும் தொட வேண்டாம், தோட்ட ஆளையும் தொடவிட வேண்டாம். மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே வெட்ட வேண்டும்.

குண்டுமல்லிக்குத் தெளிவான கணக்கே இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து என்பது. அப்படி வெட்டினால் மார்ச் தொடங்கி மொட்டு கட்டும். முல்லையாக இருந்தால் ஜனவரி கடைசியில், 45 செ.மீ. அந்தப் பரிந்துரை வயலுக்கானது. சென்னையில் நவம்பர் கடைசியில் மழை கொட்டிக்கொண்டிருந்தால் நான் மார்கழி நடுவரை தள்ளிவைப்பேன், அதற்கு மேல் தள்ளினால் முதல் பூ தள்ளிப்போகும். புதராகிக் கிடக்கிற மல்லியை இரக்கமே இல்லாமல் வெட்டுங்கள், மல்லியில் கவாத்து செய்யாத வருடம் பூ இல்லாத வருடம்.

வெட்டிய பிறகு தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் கடலோரத்தில் போர்த்தண்ணீர் பல வீடுகளில் கரிக்கும். இலையோரம் தீய்ந்ததுபோல் பழுப்பாகியிருந்தால் உப்பைச் சந்தேகப்படுங்கள், செம்பருத்தியும் மல்லியும் அதை முதலில் காட்டும். புதுத்தளிர் வருகிற அந்த ஒரு மாதமாவது மெட்ரோ தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ கொடுக்கப் பாருங்கள். ஆர்.ஓ. மிஷினிலிருந்து வெளியேறும் கழிவுத்தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது இப்போது பல வீடுகளில் வழக்கம். போர்த்தண்ணீர் ஓடும் மிஷினானால் அதில் உப்பு இன்னும் கூடித்தான் வரும், அரளிக்கு வேண்டுமானால் ஊற்றுங்கள். இலை குறைந்த செடி குறைவாகத்தான் குடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம், வெட்டியது பரிதாபமாக இருக்கிறதே என்று இரண்டு வேளை ஊற்றினால் வேர் அழுகும். உரம் வெட்டிய அன்று வேண்டாம். துளிர் இரண்டு அங்குலம் வந்த பிறகு தொழு உரமோ மண்புழு உரமோ இரண்டு கை, தண்டை ஒட்டாமல் சுற்றிலும் போட்டுக் கிளறிவிடுங்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாத சங்கதிகளும் உண்டு. தேய்பிறையில் வெட்டினால் நன்றாகத் துளிர்க்கும் என்பார்கள். அப்படி ஒரு வித்தியாசத்தை நான் கண்டதில்லை, ஆனால் அம்மா அதனால் சம்மதிப்பாரானால் தேய்பிறையிலேயே வெட்டுங்கள், கெடுதல் ஒன்றும் இல்லை. வெட்டுவாயில் சாணி பூசுவது, மஞ்சள் பூசுவது எல்லாம் வழக்கம். சுத்தமாக வெட்டிய சின்ன வெட்டுக்கு எதுவும் தேவையில்லை, செடியே மூடிக்கொள்ளும். கட்டைவிரலைவிடக் கனமான வெட்டுக்கு மட்டும், அதுவும் மழை எதிர்பார்க்கிற நாட்களில், காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சணக்கொல்லியைத் தண்ணீரில் பசைபோல் குழைத்துத் தடவுவேன். பெயிண்ட், தார் வேண்டாம், ஈரத்தை உள்ளே அடைத்துவிடும்.

நீங்கள் கேட்காத இரண்டு செடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அதே ஆள் அவற்றிலும் கை வைப்பார். கேட் பக்கம் கூம்பாக நிற்பது தூஜா என்று நினைக்கிறேன். அதைப் பச்சை இருக்கும் பகுதிக்குக் கீழே, வெறும் கட்டையில் வெட்டினால் அந்த இடம் திரும்பத் துளிர்க்காது. அம்மாவின் பயம் முழுக்க நியாயமாவது இந்தச் செடியில்தான். ரோஜா இருந்தால் அடியில் முண்டாக இருக்கிற ஒட்டு இடத்துக்குக் கீழே வெட்டாதீர்கள், பிறகு வருவது உங்கள் ரோஜாவாக இருக்காது.

வேலை ஆளை மாற்ற வேண்டியதில்லை, கூடவே நில்லுங்கள். எந்தத் தண்டை வெட்ட வேண்டுமோ அதில் முன்கூட்டியே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டு, கோடு போட்டதை மட்டும் அடியில் எடுக்கச் சொல்லுங்கள். தொடங்கும் முன் புதருக்குள் கண்ணை ஓட்டுங்கள். காகிதப்பூவில் தேன்சிட்டுக் கூடு தொங்கலாம், அகல இலையைத் தைத்துத் தையல்சிட்டு கூடு வைத்திருக்கலாம். முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தச் செடியை மட்டும் சில வாரம் தள்ளிவையுங்கள். இலைகளை ஒட்டி முசுறு (கடிக்கிற சிவப்பு எறும்பு) கட்டிய கூடும் குளவிக்கூடும் வேறு கதை, அவை ஆளைத் துரத்தும்.

கடைசியாக, அம்மாவின் வெள்ளிக்கிழமைப் பூ. ஆறையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். மல்லியை மார்கழியில் முடித்துவிடுங்கள், அப்போது அது எப்படியும் பூக்காத நேரம். தை பிறந்ததும் அரளியும் நந்தியாவட்டையும். அவை துளிர்க்கிற வரை செம்பருத்தியைத் தொடாமல் விட்டுவைத்து, ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி முதல் வாரத்திலோ அதில் கை வையுங்கள். இட்லிப்பூவும் காகிதப்பூவும் தத்தம் பூச்சுற்று முடிகிறபோது. இந்த வரிசையில் போனால் சாமி படத்துக்கு வைக்க எந்த வாரமும் ஏதாவது ஒரு பூ தோட்டத்தில் இருக்கும்.